துண்டுக்குள் மூன்றாவது கை

ஆடிச் சாரல் பொழிந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, குற்றாலத்தில் பெண்கள் குளிக்கிற பக்கம் பாறைக்கு முதுகைக் கொடுத்து நின்ற மாட்டுத் தரகுக்காரி மயிலாத்தாளின் தலையிலிருந்து, பச்சைக் கரை போட்ட ஈரிழைத் துண்டை அருவி பிடுங்கிக்கொண்டு போனது. போவதை அவள் பார்த்தாள், எட்டிப் பிடித்தாள், பிடித்த விரல்களுக்கு நடுவே துண்டின் ஓரம் ஒரு கணம் நின்று, வழுக்கி, நுரைக்குள் விழுந்து, தடுப்புக் கம்பிக்குக் கீழே நுழைந்து, பாலத்துக்கு அடியில் மறைந்தது. அருவி வேண்டுமென்றே செய்தது என்றுதான் அவள் கடைசிவரை சொன்னாள், ஏனென்றால் அவள் இறுக்கிப் பிடித்த எதுவும் அதுவரை அவள் கையை விட்டுப் போனதில்லை.

"சித்தெ நேரம் இந்தத் தண்ணிய நிறுத்தச் சொல்லு கண்ணு," என்றாள் காவலுக்கு நின்ற பெண் போலீஸிடம். "என்ற துண்டு போச்சு. எடுத்துட்டு வந்ததும் மறுபடி விட்டுக்கலாம்."

"அருவியை எப்படிம்மா நிறுத்துறது?"

"கூட்டம் சாஸ்தியானா ஆளுங்களை நிறுத்தறீங்கல்லோ, அப்படித்தான். முழுசா வேண்டாம், பாதி நிறுத்து. சரி, உனக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், கால்வாசி நிறுத்து."

அந்தப் பெண் சிரித்தாள். மயிலாத்தாள் சிரிக்கவில்லை. கூட வேனில் வந்த தரகர் வீட்டுப் பெண்கள் அவளை இழுத்துக்கொண்டு போய், பஜாரில் பூப்போட்ட தடித்த டர்க்கி டவல் ஒன்றை வாங்கித் தோளில் போட்டார்கள். "கரடித் தோலைக் கொண்டாந்து போடறீங்களா?" என்று அதை அவர்கள் மேலேயே வீசிவிட்டு, சிப்ஸ் வாங்கவில்லை, படகில் ஏறவில்லை, ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஓடைக்கரையில் இறங்கி இறங்கிப் பார்த்துவிட்டு, வெறும் தோளோடு பொள்ளாச்சிக்குத் திரும்பினாள்.

ஒரு துண்டுக்கு இத்தனையா என்று கேட்பவர்கள் மாட்டுச் சந்தையில் ஒருநாள் நின்று பார்க்கவேண்டும். அங்கே விலையை வாயால் சொல்வதில்லை. விற்பவனும் வாங்குபவனும் கையைக் கோத்துக்கொள்ள, மேலே துண்டு விழும். வாய் மழையைப் பற்றியும் தீவனத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்போது, உள்ளே விரல்கள் விலை சொல்லும், விலை குறைக்கும், திட்டும், கெஞ்சும், கடைசியில் படியும். பக்கத்தில் நிற்பவன் அந்தத் துண்டைப் பார்க்கக்கூடாது, அடுத்தவன் இலையைப் பார்க்கக்கூடாது என்பது போல. உள்ளே படிந்த விலையை இருவரும் சாகும்வரை வெளியே சொல்லக்கூடாது. இது எழுதாத சட்டம். எழுதியிருந்தால் யாராவது மீறியிருப்பார்கள்.

கல்யாணமான புதிதில், புருஷன் திருமூர்த்தி ஏமாந்து வாங்கி வந்த நொண்டிக் காளையை இழுத்துக்கொண்டு, விற்றவனைத் தேடித்தான் மயிலாத்தாள் முதல் முதலாகச் சந்தைக்குள் நுழைந்தாள். பெண்பிள்ளை கையை எப்படித் தொடுவது என்று ஆண்கள் கூசி நின்றபோது, "துண்டுக்குள்ள ஆம்பளையேது பொம்பளையேது, வெரல்தானுங்க," என்று இந்தப் பச்சைக் கரைத் துண்டை விரித்தாள். அன்றைக்கு விரித்ததுதான். மாடு முட்டியும் மனுஷன் ஏமாற்றியும், வசவு வாங்கியும் வசவு கொடுத்தும் அவள் கற்ற தொழில் முழுவதும் அந்தத் துணிக்கு அடியில் இருந்தது. ஒரு மயிலைக் காளை கட்டுத்தறியோடு வைத்து நசுக்கியதில் வலது சுண்டுவிரல் வெளிப்பக்கமாகக் கோணிக்கொண்டது. அந்தக் கோணல் விரல் உள்ளே வந்து தொட்டால், சொன்ன விலைக்குக் கீழே இறங்கமாட்டாள் என்று பாலக்காட்டு வியாபாரிகள் வரைக்கும் தெரியும்.

ஊர் திரும்பிய மறுநாள் மதியம், ரசம் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோன அவளுடைய வலது கை, பாதி வழியில் நின்றது. சோற்றை இலையில் போட்டுவிட்டு, தானாகப் புரண்டு, எதிரில் இல்லாத யாரோ ஒருவருடைய விரல்களைப் பிடிப்பதுபோல் மூடிக்கொண்டு, ஒரு அழுத்து அழுத்தியது. விட்டது. மறுபடியும் பிடித்தது.

திருமூர்த்தி ரசக் கரண்டியோடு பார்த்துக்கொண்டிருந்தார். மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, தீவனம் வைப்பது, பால் கறப்பது, சமைப்பது என்று வீட்டைத் தாங்கிக்கொண்டு, குரல் உயர்த்தாமல் காலம் தள்ளிய மனுஷர்.

"யாரு மயிலா அது?"

"தெரியலீங்க. ஈரக் கை. சோப்புத்தூள் வாசம் அடிக்குது. ரெண்டு பேரு. ரெண்டுமே பொம்பளைங்க."

"என்னவாமா?"

"தண்ணிக் குழாய்ச் சண்டையாட்ட இருக்குது."

"அது முடியறதுக்குள்ள சோறு ஆறிப்போயிரும்," என்று இடது கையில் ஒரு ஸ்பூனைக் கொடுத்தார்.

வியாழக்கிழமைச் சந்தையில்தான் குடி கெட்டது. கடன் வாங்கிய துண்டுக்குள், ஒரு பாலக்காட்டு வியாபாரியின் விரலைப் பிடித்து, தன்னை நம்பி வந்த வாடிக்கைக்காரருக்காக ஒரு ஜோடிக் காளையைப் படிய வைத்துக்கொண்டிருந்தாள். இன்னும் இரண்டு இழுப்பில் அவன் இறங்கிவிடுவான் என்கிற நேரத்தில் அவளுடைய கை எங்கோ போய்விட்டது. இங்கே இருந்தது, ஆனால் இங்கே இல்லை, வேறு யாருக்கோ சரி என்று கொடுத்த அழுத்தத்தை இவன் தனக்கென்று எடுத்துக்கொண்டு, "படிஞ்சுது!" என்று துண்டை உதறினான். பல் தேய்ந்த கிழட்டுக் காளைகள் இளங்காளை விலைக்கு வாங்கப்பட்டன. வாடிக்கைக்காரர் மண்ணை வாரித் தூற்றாத குறை. மயிலாத்தாள் தலை குனிந்து, கடன் வாங்கிய துண்டைத் திருப்பிக் கொடுத்ததைச் சந்தை அன்றைக்குத்தான் பார்த்தது.

ஆனால் யாரும் ஆச்சரியப்படவில்லை. "துண்டு தொலைஞ்சா கை ஊர் மேயத்தானே செய்யும், அம்முணி," என்றார் மூத்த தரகர் நாச்சிமுத்து, வெற்றிலையை மடித்தபடி. "என்ற பெரியப்பனுக்குச் செருப்புத் தொலைஞ்சு, ஆளு திங்காம பேசாம வீட்லயே கெடக்க, காலு மட்டும் பழனி போயிட்டு வந்துச்சு. ஒரே கொப்புளம்."

"பொறவு என்ன பண்ணுனாங்க?"

"என்ன பண்றது, செருப்பத் தேடிப் புடிச்சாங்க. நீயும் தேடு. இன்னொரு சந்தை இப்படிப் போச்சுன்னா, உன்ற துண்டுக்குள்ள ஒருத்தனும் கை உடமாட்டான். பாத்துக்க."

அவர் சொன்னது நிஜம். அதுதான் அவளைச் சுட்டது. நிலம் போனால் வாங்கலாம், பல் போனால் கட்டலாம், பேரம் பேசுகிறவளின் கை போனால் அப்புறம் அவள் சந்தையில் நிற்பதற்கும் கட்டுத்தறி நிற்பதற்கும் என்ன வித்தியாசம்?

அந்தத் துண்டு எங்கே போனது என்பது அவளுக்குப் பிற்பாடு தெரிந்த கதை, ஆனால் நடந்த வரிசையில் சொல்லிவிடுவதுதான் முறை. அருவி தூக்கிய துண்டு ஓடையில் இறங்கி, ஓடையிலிருந்து வாய்க்காலில் திரும்பி, தென்னந்தோப்புகளையும் செங்கல் சூளைகளையும் கடந்து, நெடுஞ்சுனை என்கிற ஊரின் துவைகல்லில் வந்து ஒதுங்கியது. துவைத்துக்கொண்டிருந்த ஆவுடையம்மாள் அதை எடுத்துப் பிழிந்து, தன் வீட்டுக்கும் ஓரகத்தி பேச்சியம்மாள் வீட்டுக்கும் நடுவே கட்டிய கொடியில் காயப் போட்டாள். கொடி யாருடையது என்பதிலேயே அந்த இரண்டு வீட்டுக்கும் பல வருஷச் சண்டை. தெருக்குழாயில் யார் முதல் குடம் பிடிப்பது என்பது அதைவிடப் பழைய சண்டை. என் பக்கத்துக் கொடியில் உன் துணியா என்று பேச்சியம்மாள் அந்தப் பக்கமிருந்து இழுக்க, ஆவுடையம்மாள் இந்தப் பக்கமிருந்து இழுக்க, துண்டுக்கு அடியில் இருவர் கையும் முட்டிக்கொண்ட அந்த இடத்தில் மூன்றாவதாக ஒரு கை வந்து இரண்டையும் பிடித்துக்கொண்டது.

காய்த்துப்போன கை. கோபமான கை. ஒருத்தியின் நடுவிரலை மடக்கியது, மற்றவளின் கட்டைவிரலைத் திருகியது, பொய்யான ஒரு அழுத்தத்துக்கு நறுக்கென்று கிள்ளியது. வாயைத் திறக்காமல் இரண்டு பேரும் வேர்த்து வேர்த்து நின்று, கடைசியில் கையை வெளியே எடுத்து, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்காமல் வீட்டுக்குள் போய், குடத்தை எடுத்துக்கொண்டு வந்து, படிந்தபடி வரிசையில் நின்றார்கள்.

பேச்சியம்மாளின் புருஷன் கேட்டான்: "உள்ள யாருட்டி இருந்தா?"

"யாரோ ஒரு ஆச்சி. சுண்டுவெரல் கோணல். சரியான கோவக்காரி."

"சாப்பிட்டாளான்னு கேட்டியா?"

"கேக்க மறந்துட்டேன், எளவு."

ஊர் அவ்வளவுதான் வியந்தது. மறுநாள் காலையில், அப்பாவை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று மாதக்கணக்கில் பேசாதிருந்த அண்ணனும் தம்பியும் வந்து கைவிட்டார்கள். கோணல்விரல் ஆச்சி முதலில் இருவர் புறங்கையிலும் ஒரு அறை விட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தாள் என்று சொல்லிக்கொண்டே போனவர்கள், மாலையில் ஆளுக்கொரு பக்கமாக அப்பாவின் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கோவில் ஒலிபெருக்கியும் சர்ச் ஒலிபெருக்கியும் எந்த நேரம் எது பாடுவது என்று படிந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பந்திக்கு எத்தனை பேர் வரலாம் என்று படிந்தது. காலையில் காப்பி போட யார் முதலில் எழுந்திருப்பது என்று ஒரு புது ஜோடி வெட்கப்பட்டுக்கொண்டே வந்து கேட்டு, அதைவிட வெட்கப்பட்டுக்கொண்டே திரும்பியது. டீக்கடை சுடலைமுத்து கொடிக்குப் பக்கத்தில் பெஞ்சைக் கொண்டுவந்து போட்டு, புகையிலைக் கையோடு உள்ளே விட்டவனை ஆச்சி கிள்ளிய கிள்ளலைப் பார்த்தபிறகு, ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தான். துண்டு நனையாமலிருக்கத் தார்ப்பாய் கட்டினார்கள். தார்ப்பாயை எந்தப் பக்கம் சரிப்பது என்று சண்டை வந்து, அதையும் துண்டுக்குள்ளேயே பேசினார்கள்.

நன்றி மறக்காத ஊர். ஒருத்தி துண்டுக்குள் கைவிட்டு ஆச்சிக்குக் கண்ணாடி வளையல் போட்டுவிட்டாள். இன்னொருத்தி மருதாணி அரைத்துக்கொண்டு வந்து, பார்க்காமலேயே, தடவித் தடவி, உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

பொள்ளாச்சியில் மயிலாத்தாள் மாட்டுக் கொட்டிலில் நின்றபோது அவளுடைய உள்ளங்கை குளிர்ந்து, பிறகு சிவந்தது. மணிக்கட்டில் வளையல் இல்லை, ஆனால் வளையல் சத்தம் கேட்டது. தலை முடிய முடியவில்லை. கொண்டையைச் சுற்றுகிற நேரத்தில் எவளோ குழாயடியிலிருந்து இழுத்தாள். கயிறு கட்ட முடியவில்லை, காசை எண்ண முடியவில்லை, உட்கார முடியவில்லை. வாசலுக்கும் கொட்டிலுக்குமாக நடந்தாள், நடந்தபடியே அந்தக் கை யார் யாருக்கோ பஞ்சாயத்துப் பண்ணியது. ஒரு தரகுக் காசு கிடையாது, ஒரு டீ கிடையாது, சும்மா!

"பாருங்க இந்த அநியாயத்த! என்ற கை, எவனெவனுக்கோ ஓசியில ஒழைக்குது."

திருமூர்த்தி சிவந்த உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "நல்லா புடிச்சிருக்குது," என்றார். "கல்யாணத்தன்னிக்குக்கூட உனக்கு இப்படிச் செவக்கல."

அடுத்த சனிக்கிழமை, தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொள்ள மட்டும் நேரம் கொடுத்து, அவளே அவரை இழுத்துக்கொண்டு கிளம்பினாள். பஸ் மாறி பஸ் மாறித் தென்காசியில் இறங்கி, அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவரிடம் கேட்டாள். "அருவி கொண்டுட்டுப் போறதெல்லாம் நெடுஞ்சுனையிலதான் ஒதுங்கும், தாயி," என்றார் அவர், தபால் நிலையம் எங்கே என்று கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல. "சீப்பு, பல்செட்டு, எல்லாம் அங்கனதான்."

நெடுஞ்சுனையில் சாரலுக்கு நடுவே வரிசை நின்றது. வரிசையின் முனையில் தார்ப்பாய், தார்ப்பாய்க்கு அடியில் கொடி, கொடியில் அவளுடைய பச்சைக் கரைத் துண்டு, வெளுத்து, மடிப்புக் கலையாமல், அவள் வீட்டில் ஒருநாளும் இருந்திராத சுத்தத்தோடு. மயிலாத்தாள் வரிசையை முழங்கையால் பிளந்துகொண்டு போனாள்.

"யக்கா, வரிசையில வாங்க," என்றான் சுடலைமுத்து.

"நான் எதுக்குய்யா வரிசையில வரோணும்? அது என்ற துண்டு! உள்ள இருக்கறது என்ற கை!" வலது கையை உயர்த்திக் கோணல் விரலைக் காட்டினாள். சிவந்த உள்ளங்கையைக் காட்டினாள்.

வரிசை திரும்பிப் பார்த்தது. மருதாணி வைத்தவள், "நல்லா பத்தியிருக்கே," என்று சந்தோஷப்பட்டாள். ஆவுடையம்மாள் முந்தானையால் ஒரு பெஞ்சைத் துடைத்தாள். "இருங்க ஆச்சி. சாப்பிட்டீகளா? இவ அன்னைக்கே கேக்க மறந்துட்டா."

"சாப்பாடு கெடக்கட்டும். துண்டக் குடு."

யாரும் தடுக்கவில்லை. அவளே கொடியிலிருந்து உருவி, தோளில் போட்டுக்கொண்டு, விறுவிறுவென்று ஊர் எல்லை வரைக்கும் நடந்தாள். அங்கே கை மறுபடி மடங்கியது. பின்னால் தெருக்குழாயடியில் குடம் உருளுகிற சத்தம், ஓரகத்திகள் இருவரும் ஒரே மூச்சில் கத்துகிற சத்தம், அவற்றுக்கு மேலே கோவில் ஒலிபெருக்கியும் சர்ச் ஒலிபெருக்கியும் ஒன்றாக எழுந்த சத்தம், எல்லாம் அவளுடைய ஐந்து விரல்களுக்குள் புகுந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. துண்டு வந்திருந்தது. கை வரவில்லை.

திரும்பி நடந்தபோது சுடலைமுத்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். "பேசாம எடுத்துட்டுப் போனா துணிதான் வரும், யக்கா. நீங்க மாட்டு யாவாரம் பண்ணுதவங்கன்னு ஒங்க வெரலே சொல்லுது, ஒங்களுக்குத் தெரியாததா? படியாத மாட்ட இழுத்துட்டுப் போனா, கயிறுதான் நம்ம கையில இருக்கும்."

தெரிந்ததுதான். அவளே எத்தனையோ பேருக்குச் சொன்னதுதான். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. "யாரோட பேசறது? உங்களோடயா?"

"நாங்க யாரு? ஆச்சியோட பேசுங்க."

துண்டு மறுபடி கொடியில் விரிந்தது. மயிலாத்தாள் சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, "நாள் கணக்கு," என்று, எந்தக் கணக்கு என்பதை மட்டும் வாயால் சொல்கிற சந்தை முறைப்படி, சத்தமாகச் சொல்லிவிட்டு, உள்ளே கைவிட்டாள். வாரத்தில் எத்தனை நாள் கை தனக்கு என்பதுதான் பேரம். உள்ளே அவள் தன்னுடைய வலது கையால் தன்னுடைய வலது கையைப் பிடித்தாள்.

தன் கை இவ்வளவு சொரசொரப்பு என்று அவளுக்கு அதுவரைக்கும் தெரியாது. எதிரில் வந்து கோத்துக்கொண்டவர்கள் எப்படித் தாங்கினார்கள்? ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்து, பிறகு இரண்டைப் பிடித்தாள்: ஏழு நாளும் எனக்கு. உள்ளே இருந்த கை அவளுடைய ஒரே ஒரு விரலைத் தொட்டது. ஒருநாள்.

"ஒருநாளா? உனக்கு வெக்கமா இல்ல?" என்று வாய்விட்டே கத்திவிட்டாள். ஊர் துண்டைப் பார்க்காமல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறுக்கு இறங்கினாள். அந்தக் கை ஒன்றிலேயே நின்றது. கெஞ்சுகிற மாதிரி மணிக்கட்டைத் தடவினாள். அந்தத் தடவல் எதற்கு என்று அதற்குத் தெரியும். வேறு யாரோ அதிகம் தருகிறார்கள் என்பதுபோல் விரல்களைத் தளர்த்தினாள். அது சிரித்த மாதிரி தன் விரல்களையும் தளர்த்தியது. கடைசி ஆயுதமாக, பேரமே வேண்டாம் என்று கையை வெடுக்கென்று உருவினாள். அதே நொடியில் அதுவும் உருவிக்கொண்டது. காலியான துண்டுக்கு அடியில் இரண்டு கைகளும் யார் முதலில் திரும்புவது என்று காத்திருந்து, ஒரே நேரத்தில் திரும்பி வந்து முட்டிக்கொண்டன. அவளுடைய தந்திரம் அத்தனையும் அதனிடம் இருந்தது. அதனிடம் வேறொன்றும் இருந்தது: இங்கே யாரையும் ஏமாற்ற வேண்டியிருக்கவில்லை என்கிற ஒரு நிதானம். அந்த நிதானத்தை அவள் தன் விரலில் ஒருநாளும் அறிந்ததில்லை, அது அவளை மிரட்டியது.

வேர்வையும் சாரலுமாக நனைந்து, கையை எடுத்தாள். "படியாது," என்றாள். "நான் சோறு போட்டு வளர்த்த கை. அதுக்கு எம்மேல துளி மரியாத கெடையாது." திட்டுவதுபோல் ஆரம்பித்த பேச்சு அழுவதில் போய் நின்றதை அவளாலேயே பொறுக்க முடியாமல், திரும்பி மலையைப் பார்த்து நின்றுகொண்டாள்.

"நான் ஒருக்கா பேசிப் பாக்கட்டுமா?" என்றார் திருமூர்த்தி.

"நீங்களா! தக்காளிக்காரிகிட்டயே சொன்ன வெலையக் குடுத்துட்டு வர்ற ஆளு நீங்க!"

"அந்தப் பக்கமாவே பாத்துட்டு நில்லு, மயிலா. துண்டப் பாக்கப்படாது."

அவள் மலையையே பார்த்தாள். முதுகுக்குப் பின்னால் துண்டு ஒருமுறை சரசரத்தது. அவர் நாள் கணக்கு என்று சொல்லவில்லை, வேறெந்தக் கணக்கும் சொல்லவில்லை. அவள் கையைத் துண்டுக்குள் பிடித்துப் பார்க்காத ஒரே ஆள் அவர்தான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சந்தையில் இத்தனை பேர் பிடித்த கையை, அந்த மனுஷர் ஒருநாளும் பேரத்துக்கென்று பிடித்ததில்லை. மெல்ல அவளுடைய வலது கை வெதுவெதுப்பாகியது. சுண்டுவிரலின் கோணலை யாரோ பைய நீவிவிட்ட மாதிரி இருந்தது. பிறகு, வெளியூர் போயிருந்த ஆள் வீட்டுக்குள் வந்து பையை வைப்பதுபோல, கை கனத்து, அவள் தோளோடு வந்து சேர்ந்தது.

"முடிஞ்சுது," என்றார்.

ஊர் அவர்களைப் பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்துவிட்டது. ஆவுடையம்மாள் துண்டை மடித்துக் குங்குமம் வைத்துக் கொடுத்தாள். பேச்சியம்மாள் இட்லிப் பொட்டலம் கொடுத்தாள். யாரும் அழவில்லை, யாரும் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. அதுவே மயிலாத்தாளுக்கு உறுத்தியது. தோற்ற வியாபாரியின் முகம் அவளுக்குத் தெரியும்; இந்த ஊரில் ஒரு முகமும் அப்படி இல்லை.

பஸ் நகர்ந்ததும் உறுத்தலை மறந்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள், நீட்டினாள், சொடக்குப் போட்டாள். எல்லாம் சொன்னபடி கேட்டன. "வியாழக்கெழம வரட்டும், அந்தப் பாலக்காட்டானுக்கு இருக்குது," என்றாள். கொண்டையை அவிழ்த்து முடிந்தாள். இட்லியைப் பிட்டு அவருக்கு நீட்டியபோதுதான் பார்த்தாள்.

"ஏனுங்க, உங்க துண்டு எங்கீங்க?"

அவர் வெறும் தோளைத் தடவிப் பார்த்தார். "அங்கியே மறந்துட்டாப்பல இருக்குது."

"மறந்தீங்களா?"

முழங்கால் மேல் கிடந்த அவருடைய வலது கை தானாகப் புரண்டது. ஆள்காட்டி விரல் மடங்கியது, நடுவிரல் மடங்கியது, யாருடைய விரலையோ நோகாமல் பிடித்தது.

"அட பொழைக்கத் தெரியாத மனுஷா!" பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "என்ற கைக்குப் பதிலா உங்க கையக் குடுத்துட்டா வந்தீங்க? பாலக் கறக்கறது யாரு? எத்தன நாளைக்கு? எந்த வெலைக்குப் பேசுனீங்க? சொல்லுங்க! இப்பவே பஸ்ஸ நிறுத்தச் சொல்றேன், போய் முறிச்சுட்டு வந்தர்லாம்."

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்லலாமா, மயிலா?"

"அப்ப உள்ள சொல்லுங்க." பச்சைக் கரைத் துண்டை உதறி இருவர் கைக்கும் மேல் போட்டாள், குங்குமம் அவர் வேட்டியில் கொட்டியது. உள்ளே அவர் கையைப் பிடித்தாள்.

பால் மடி இழுத்து இழுத்து மெத்தென்று ஆன கை. அதற்குள் ஓரகத்திகளின் ஈர விரல்கள் இருந்தன, சோப்புத்தூள் வாசம் துண்டைத் தாண்டி வந்தது. அவர்களை விரட்டிவிடலாம் என்று அவள் கோணல் விரலை நீட்டி அழுத்தினாள். ஈர விரல்கள் அடங்கின. ஆனால் எதிர்த்து அழுத்தியது அவர்கள் அல்ல. அவர். விடமாட்டேன் என்றது அந்த மெத்தென்ற கை. இத்தனை வருஷமாக எதற்கும் யாரும் அபிப்பிராயம் கேட்காத அந்தக் கை, குழாயடிப் பெண்கள் இருவர் தன் பதிலுக்காகக் காத்திருக்கிற சந்தோஷத்தில் சூடாகியிருந்தது.

அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பு மழையில் நனைவதைப் பார்த்தபடி, "இந்தப் பக்கம் மழை பரவால்ல," என்றார், பேரத்தில் உட்கார்ந்த எந்தக் கைகாரத் தரகனும் சொல்வதுபோல.

மயிலாத்தாள் இட்லியைக் கீழே வைத்துவிட்டு, நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, முழு விலையிலிருந்து ஆரம்பித்தாள். புளியங்குடி போனது. ராஜபாளையம் போனது. கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது இருவருக்கும் கை ஒழியவில்லை.